மூன்று பெட்டிகளும் ஒரு கோப்பைக் காபியும்

போன வெள்ளிக்கிழமை ஸல்ட் நகரத்து மலைவீட்டில் தம்பி கைஸ் சிரித்த சிரிப்பு லுப்னாவின் கண்ணுக்குள் இன்னும் நிற்கிறது.

பெண் கேட்கப் போன பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வைத்த காபியை ஒருவரும் தொடவில்லை. கேட்க வந்ததற்குப் பதில் கிடைக்கும்வரை தொடுவதும் வழக்கமில்லை. பெண்ணின் தகப்பனார் அபூ தலால் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். சீர் என்ன, வீடு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காபியைக் குடிங்க. கேட்க வந்தது உங்களுக்குத்தான்" என்றார். ஸிரீன் கைஸுக்கு என்று ஆகிவிட்டது.

பெண்கள் அறையின் கதவிடுக்கில் நின்று லுப்னாவும் கை தட்டினாள்.

இன்று அந்தக் கைகள் இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன.

அம்மான் நகரில் அவள் தகப்பனார் டாக்டர் நாயிஃப் நடத்தும் ஸ்கேன் மையத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு குறுகிய அறை. முன்பு துணிமணி அடுக்கி வைத்திருந்த இடம். இப்போது மையத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அங்கேதான். அவற்றுக்குப் பொறுப்பு லுப்னா. கூட வேலை செய்பவள் யாரா. இருவரும் ஒரு கறுப்புப் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெட்டியில் வரிசையாகப் பச்சை விளக்குகள். இரண்டு மட்டும் மஞ்சள்.

"நமக்கு ஒரு கெட்ட பழக்கம்" என்றாள் யாரா. "முறைச்சுக்கிட்டே இருந்தா மஞ்சள் பச்சையாயிடும்னு நினைக்கிறோம்."

"மாத்து டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கு?"

"ஊர்ந்துக்கிட்டு இருக்கு. வேகப்படுத்தப் பயமா இருக்கு. மிச்சம் இருக்கிறதும் கிழடுங்கதான். ஒரேடியா ஓட விட்டா இன்னொண்ணு மண்டையைப் போட்டுடும்."

மையத்தில் எடுத்த ஸ்கேன் படங்கள் அத்தனையும் அந்தப் பழைய பெட்டிக்குள். இரண்டு டிஸ்க் செத்தாலும் அது தாங்கும். அந்த இரண்டும் செத்தாயிற்று. மூன்றாவது போனால் படங்கள் போன மாதிரிதான். வேறிடத்தில் ஒரு நகல் இருக்கிறது. ஆனால் புது ஸ்கேன் எந்திரம் வந்த பிறகு எடுத்தவை கனமானவை. நகல் எடுக்கும் வேகம் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. பாதிகூட அங்கே போய்ச் சேரவில்லை.

கதவு திறந்தது. கைஸ் எள் தூவிய ரொட்டியும் அவித்த முட்டையுமாக உள்ளே வந்தான். மையத்தின் நிர்வாகம் அவன் பொறுப்பு. மாப்பிள்ளைக் களை இன்னும் முகத்தில் ஒட்டியிருந்தது.

"சாப்பிடுங்க ரெண்டு பேரும். சாவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க."

"இன்னும் சாகல. இழுத்துக்கிட்டு இருக்கு" என்றாள் யாரா, ரொட்டியைப் பிட்டுக்கொண்டே.

கைஸ் அக்காளைப் பார்த்தான். "மனசு மாறிச்சா?"

"நேத்து சொன்னதுதான் இன்னைக்கும். புதுசா வாங்கறது அந்த ஒரே பெரிய பெட்டிதான். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லன்னா வேற ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடுவாங்க. வரிசையில நிக்கிறாங்க."

கைஸின் கையிலிருந்த முட்டை வாய்க்குப் போகவில்லை. "அபூ தலால் அம்மோகிட்ட என்னன்னு சொல்றது?" பெரியவர்களைச் சிற்றப்பா முறை வைத்து அம்மோ என்பது அவர்கள் வழக்கம்.

"அவங்க பெட்டி நல்ல பெட்டிதான், எங்களுக்குச் சரிப்படாதுன்னு சொல்லு."

"அது அவர் காதுல எப்படி விழும் தெரியுமா? உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான், எங்களுக்குச் சரிப்படாதுன்னு விழும்!"

யாராவுக்குச் சிரிப்பில் புரையேறியது. லுப்னா சிரிக்கவில்லை.

அபூ தலாலின் மூத்த மகன் தலால் புதிதாக ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறான். அவன் விற்பது ஹைப்பர்கன்வெர்ஜ்டு என்று சொல்லும் வகை. லுப்னா தேர்ந்தெடுத்தது யூனிஃபைட் ஸ்டோரேஜ் என்ற இன்னொரு வகை. அதை விற்பவர்கள் இவர்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லாதவர்கள்.

"எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லு" என்றான் கைஸ். "அவங்க பெட்டியில என்ன குறை?"

"குறையே இல்ல. அவங்க பெட்டி ஒவ்வொண்ணும் ஒரு முழு சமையல்கட்டு. அடுப்பும் இருக்கும், சரக்கு வைக்க அலமாரியும் இருக்கும். மூணையும் சேர்த்து ஒண்ணா ஓட்டலாம். ஒண்ணு படுத்துட்டா மத்த ரெண்டும் சமைச்சுப் போட்டுடும்."

"அப்புறம் என்ன? இங்க இருக்கிறதே நீங்க ரெண்டு பேர். ஒண்ணு படுத்தாலும் நிம்மதியாத் தூங்கலாம்ல?"

"நமக்கு அடுப்பா பத்தல, கைஸ்? இருக்கிற சர்வரே பாதி நேரம் சும்மா கிடக்கு. சரக்கு வைக்கத்தான் இடமில்ல. அவங்ககிட்ட அலமாரி கூடுதலா வேணும்னா இன்னொரு முழு சமையல்கட்டே கட்டணும். நான் கேட்கிறது ஒரு பெரிய சரக்கறை. அடுப்பு தனியா இருக்கட்டும். ஸ்கேன் மெஷின் நேரா படத்தைக் கொண்டுவந்து வச்சாலும் வாங்கிக்கும், சர்வர் தன் டிஸ்க்குன்னு நினைச்சுக் கேட்டாலும் எடுத்துக் குடுக்கும். இடம் பத்தலன்னா தட்டு மட்டும் சேர்த்துக்கலாம்."

"அந்த ஒரே சரக்கறை இடிஞ்சு விழுந்தா?"

லுப்னா கறுப்புப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த கேள்வியே அதுதான்.

"உள்ள எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு. ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கம் தாங்கும். ஆனா நீ கேட்கிறது நியாயம். இர்பித்துல, அகபாவுல கிளை திறக்கிறதா இருந்தா நானே அவங்க பெட்டியைத்தான் கேட்டிருப்பேன்."

"அப்போ ரெண்டையும் வாங்கிப் போட்டுடலாமே!"

"இந்தப் பொந்துலயா?" என்றாள் யாரா. "பழசை அணைக்காம படத்தை மாத்தணும். இன்னும் ரெண்டு பெட்டிக் குடும்பம் வந்து உட்கார்ந்தா இந்த ஏ.சி. அன்னைக்கே செத்துடும். பின்னாடியே பழைய பெட்டியும் போயிடும்."

லுப்னா எழுந்து தம்பியின் தோளில் கை வைத்தாள். "அவங்க மூணு பெட்டியில ஒவ்வொரு படமும் ரெண்டு இடத்துல இருக்கும். பாதுகாப்புக்குத்தான். ஆனா அதுல இடமும் பாதியாயிடும். நம்ம படத்துல மூணுல ஒரு பங்குக்கு அங்க இடமே இருக்காது. எந்த நோயாளியை வெளிய நிறுத்தட்டும்? நீயே சொல்லு."

கைஸ் கடிகாரத்தைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அக்காளை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டர் நாயிஃப் இருட்டறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்றில் இன்று எடுத்த நுரையீரல் படம். அதில் கடுகளவு ஒரு புள்ளி. இன்னொன்றில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பழைய படம் திறக்கவே மாட்டேங்குதும்மா" என்றார், லுப்னா உள்ளே வந்ததும். "இந்தப் புள்ளி அப்பவும் இதே அளவுல இருந்துச்சுன்னா நிம்மதியா வீட்டுக்கு அனுப்பிடலாம். இல்ல, வளர்ந்திருக்குன்னா இன்னைக்கே ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கணும். பழசைப் பார்க்காம நான் எதைச் சொல்ல?"

"யாரு பாபா?"

"ஸபான்னு ஒரு பள்ளிக்கூட டீச்சர். வெளிய இருக்காங்க, பாரு."

லுப்னா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கைப்பையை மடியில் நிறுத்தி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பேருந்தைத் தவறவிட்டவள் போல ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பழைய படம் புது எந்திரத்தில் எடுத்தது. நகலில் ஏறாத பாதியைச் சேர்ந்தது. மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு கிடக்கும் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

"பாபா, நான் முடிவு பண்ணிட்டேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே போன் பண்ணி..."

வாக்கியம் முடிவதற்குள் வாசலில் சலாம் கேட்டது.

அபூ தலால் இரண்டு பெரியவர்களோடு வந்திருந்தார். தோளில் விசேஷங்களுக்குப் போடும் பழுப்பு மேலங்கி. வாரநாள் காலையில் யாரும் அதைப் போட்டுக்கொண்டு ஸ்கேன் மையத்துக்கு வருவதில்லை. டாக்டர் எழுந்தோடி அவரைக் கட்டிக்கொண்டு தன் அறைக்கு அழைத்துப் போனார். கைஸ் காபிக் கெண்டியைத் தயாராக வைத்திருந்தான்.

லுப்னா கெண்டியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். வருவார் என்று இவனுக்கு முன்பே தெரியுமா?

கைஸ் ஊற்றினான். அபூ தலால் கோப்பையை வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோகாமல் மேஜைமேல் வைத்தார்.

கூட வந்த இரண்டு பெரியவர்களும் டாக்டரைப் பார்த்தார்கள்.

கதவருகில் நின்ற லுப்னா தகப்பனாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் மனம் முழுக்க அந்தச் சுற்றும் வட்டத்தில் இருந்தது. வேண்டாம் பாபா, என்ன வேணும்னு முதல்ல கேளுங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. பெரியவர்கள் முன்னால் நாக்கு எழவில்லை.

"குடிங்க அபூ தலால்!" என்றார் டாக்டர், இரண்டு கைகளையும் விரித்து. "எனக்கு நீங்க நிபந்தனை போட்டீங்களா? நானும் போட மாட்டேன். எதுக்காக வந்திருந்தாலும் சரி, கிடைச்சாச்சு. குடிங்க."

அபூ தலால் ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்று கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"அல்லாஹ் உங்க வீட்டை நிறைக்கட்டும். தலாலோட மூணு பெட்டியும் கோடவுன்ல தயாரா இருக்கு. மத்தியானத்துக்கு மேல வண்டி வந்துடும். சம்பந்தி வீட்லயே வாங்கலன்னா ஊர்ல வேற எவன் வாங்குவான், சொல்லுங்க. பையன் ரெண்டு நாளா சாப்பிடல."

டாக்டரின் விரித்த கைகள் மெல்ல இறங்கின.

பெரியவர்கள் போன பிறகு தகப்பனும் மகளும் அறையில் தனியாக நின்றார்கள்.

"கல்யாணத் தேதியை முன்னாடி வைக்கக் கேட்க வந்தாருன்னு நினைச்சேன்" என்றார் டாக்டர் மெதுவாக. "ரமலானுக்கு முன்னாடியே முடிச்சுடலாம்னு அன்னைக்கே சொல்லிக்கிட்டிருந்தார்."

"இப்பக் கூப்பிட்டுச் சொல்லுங்க, பாபா."

"என்னன்னு? குடிச்ச காபியைத் துப்புங்கன்னா?"

"அந்த டீச்சர் படத்தை எங்க வைக்கிறது? அந்த மூணு பெட்டிக்குள்ள எல்லாரும் அடங்க மாட்டாங்க. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

"உன் கணக்குல எனக்குச் சந்தேகமே இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் தழும்பைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா ரெண்டு சாட்சி முன்னாடி சொல்லிட்டேன், லுப்னா. நான் பின்வாங்கினா அவரும் பின்வாங்குவார். அவர் என்கிட்ட எதைக் குடுத்திருக்கார்னு யோசிச்சுப் பாரு. அவரா மனசு வச்சு விட்டுக்குடுத்தா உண்டு. என் வாயால கேட்க முடியாது."

"உங்க வாயால வேண்டாம்" என்றாள் லுப்னா.

மாடிப்படிக்குக் கீழே போய் யாராவிடம் சொன்னாள்: "நான் ஸல்ட் வரைக்கும் போறேன். மூணாவது விளக்கு மாறினா மட்டும் கூப்பிடு. வேற எதுக்கும் கூப்பிடாதே."

"நல்ல சேதி இருந்தா?"

"என் போன் சும்மா கிடந்தா அதுவே நல்ல சேதி."

கைஸ்தான் வண்டியோட்டினான். நகரத்தைத் தாண்டி மலைப்பாதை இறங்கத் தொடங்கியது.

"நேத்து நான்தான் அவர்கிட்ட சொன்னேன்" என்றான் கைஸ், சாலையைப் பார்த்தபடி. "நீ வேற பெட்டிதான் வாங்கப் போறேன்னு. அவர் நேரா வந்து காபியைக் கீழ வைப்பார்னு சத்தியமா நினைக்கல. காலையில கிளம்பின பிறகுதான் போன் பண்ணினார்."

"ரொட்டி வாங்கிட்டு வந்தியே, அப்ப சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். நீ எந்த நோயாளியை வெளிய நிறுத்தட்டும்னு கேட்டே. அதுக்கு மேல வாய் வரல."

லுப்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபப்படவும் தெம்பில்லை. மடியில் போன். அதன் திரை இருட்டாக இருந்தது. இருட்டாகவே இரு என்று அதைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அவர் முடியாதுன்னுட்டா?" என்றான் கைஸ்.

"படம் போகும்."

"சரின்னுட்டு, மனசுல வச்சுக்கிட்டா?"

லுப்னா மறுபடியும் போனின் திரையைப் பார்த்தாள்.

மஞ்சள் கல் வீடு. கதவைத் திறந்தது ஸிரீன். வருங்கால நாத்தனாரைக் கட்டிக்கொண்டவள், முகத்தைப் பார்த்ததும் கையைத் தளர்த்தினாள்.

"என்னாச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"உங்க பாபாவைப் பார்க்கணும்."

"உள்ள பெண்கள் அறையில அம்மா இருக்காங்க, வாங்க..."

"கூடத்துல, ஸிரீன். உங்க பாபாவை."

கைஸ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அபூ தலால் கூடத்தில் சாய்மெத்தையில் இருந்தார். பக்கத்தில் போன். கோடவுனுக்குப் பேசி முடித்திருப்பார் போலிருந்தது. லுப்னாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, டாக்டர் மகளே! வண்டிக்கு வழி காட்ட நீயே வந்துட்டியா? ஸிரீன், காபி கொண்டா!"

ஸிரீன் ஊற்றிக் கொடுத்தாள். லுப்னா எதிரே உட்கார்ந்து கோப்பையை வாங்கினாள். காபி விளிம்பில் ஒருமுறை தளும்பியது. குனிந்து, அவருக்கு முன்னாலிருந்த தாழ்ந்த மேஜைமேல் அதை வைத்தாள்.

அபூ தலாலின் சிரிப்பு நின்றது.

"இது என்ன புதுசா? இதுக்கெல்லாம் நரைச்ச தாடியா நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. நீ தனியா வந்து நிக்கிறே?"

"நாலு பேரைத் தேடிப் பிடிக்க நேரமில்ல, அம்மோ."

"உன் பாபா அனுப்பினாரா?"

"இல்ல. நான் இங்க வந்தது தெரிஞ்சா வருத்தப்படுவார். அவர் குடுத்த வார்த்தை அப்படியேதான் இருக்கு. நீங்க வண்டியை அனுப்பினா கதவைத் திறந்து இறக்கி வைப்பார். அந்த வார்த்தையைத் திருப்பிக் குடுக்க உங்களால மட்டும்தான் முடியும். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"என் பையன் சாமான் மட்டமா?"

"உங்க பையன் சாமான் முதல் தரம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். அது எந்த வீட்டுக்குப் பொருந்துமோ, அந்த வீடுகளுக்கு நானே தலாலைக் கூட்டிக்கிட்டுப் போறேன். எங்களுக்குத் தேவை அடுப்பு இல்ல, அம்மோ, சரக்கறை. காலையில நீங்க உட்கார்ந்திருந்தப்ப வெளிய ஒரு டீச்சர் இருந்தாங்க, பார்த்தீங்களா? கைப்பையைப் பிடிச்சுக்கிட்டு?"

"பார்த்தேன். அழுதிருந்த மாதிரி இருந்துச்சு."

"அவங்க நெஞ்சுல ஒரு புள்ளி. அது வளர்ந்திருக்கா இல்லையான்னு சொல்ற படம் எங்க பழைய பெட்டியில இருக்கு. அது செத்துக்கிட்டு இருக்கு. உங்க மூணு பெட்டி வந்தா, அவங்களை மாதிரி மூணுல ஒருத்தர் படத்தை நான் வெளிய விட்டாகணும். யாரை விடலாம்னு நீங்க சொன்னா அப்படியே செஞ்சுடறேன்."

அபூ தலால் மேஜைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தார். கையிலிருந்த ஜபமாலையின் மணிகள் நகர்வது நின்றிருந்தது.

"காலையில என்ன கேட்டீங்க, பாபா?" என்றாள் ஸிரீன். கெண்டியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். "தலால் பெட்டியையா? காபியைக் கீழ வச்சுக் கேட்டீங்களா?"

"இது பெரியவங்க விஷயம்."

"என்னைக் கேட்டப்பவும் அதே காபிதான். என்னையும் மூணு இரும்புப் பெட்டியையும் ஒரே தராசுல வச்சுட்டீங்களா?"

"வாயை மூடு!" அதட்டல் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் கடைசியில் பிசிறு தட்டியது. மகளைப் பார்த்தார். வாசலில் தலைகுனிந்து நின்ற கைஸைப் பார்த்தார். "தலாலுக்கு இதுதான் முதல் வியாபாரம்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "சம்பந்தி வீட்டு ஆளுங்களே திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சந்தையில பேசுவாங்களே. அதை யாரு துடைப்பா?"

அப்போதுதான் லுப்னாவின் மடியில் போன் அதிர்ந்தது.

திரையில் யாராவின் பெயர்.

எடுக்கத் தேவையில்லை. அந்தப் பெயர் வந்ததே சேதிதான். மூன்றாவது விளக்கு. மாடிப்படிக்கு அடியில் யாரா ஒற்றை ஆளாகக் குந்தியிருப்பது லுப்னாவின் கண் முன் வந்தது. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக மாறுவதும், கைப்பையை இறுகப் பிடித்த அந்த இரண்டு கைகளும் வந்தன. போனை எடுத்தால் பேச்சு முறியும். கேட்டதை அவளே கைவிட்டு எழுந்ததாக ஆகிவிடும். எடுக்காவிட்டால்?

"யாரும்மா?" என்றார் அபூ தலால்.

"எங்க ஸ்கேன் சென்டர்."

"எடுக்கலையா?"

"நீங்க இன்னும் பதில் சொல்லல, அம்மோ."

போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அபூ தலால் மெதுவாக முன்னால் குனிந்து, மேஜைமேல் இருந்த கோப்பையை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப்போச்சு" என்றார். "ஸிரீன், இதைக் கொட்டிட்டு வேற ஊத்து."

ஸிரீன் ஊற்றினாள். புதுக் கோப்பையிலிருந்து ஆவி எழுந்தது. அதை அவர் லுப்னாவின் பக்கம் நகர்த்தவில்லை, தன் பக்கமும் இழுக்கவில்லை. நடுவில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடி என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை.

போன் மறுபடியும் அதிரத் தொடங்கியது.